இருபது வயதுக்குக் கீழே எண்ணப்படாதவர்கள்



எண்ணாகமம் முதலாம் அதிகாரத்தில் இஸ்ரவேல் சபை எண்ணப்படுகிறது. இருபது வயது நிரம்பி, போர்முனைக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டுமே அந்தத் தொகைக்குள் வருகிறார்கள். அவர்கள் 6,03,550 பேர். மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தால் லேவியரின் ஆண்மக்கள் ஒரு மாதக் குழந்தை முதற்கொண்டு எண்ணப்படுகிறார்கள். அதே வனாந்தரம், எண்ணுகிறவரும் அதே மோசே. நோக்கம் வேறாயிருந்தபடியால் கணக்கும் வேறாயிற்று. யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் கணக்கில் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் பதினான்கு வயதுச் சிறுமிக்கும் இடமில்லை.

போதைப்பழக்கத்தைக் குறித்து நமது சபைகள் வைத்திருக்கும் கணக்கும் பெரும்பாலும் எண்ணாகமம் முதலாம் அதிகாரத்தின் கணக்காகவே இருக்கிறது. "எங்கள் சபையில் இரண்டு, மூன்று வாலிபர்கள் கெட்டுப்போயிருக்கிறார்கள், ஜெபியுங்கள்" என்று ஒரு மூப்பர் சொல்லும்போது, அவர் மனதில் நிற்பவர்கள் பதினெட்டு, இருபது வயதுப் பையன்களே. மும்பையின் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும், அப்படியே டெல்லியிலும் பெங்களூரிலும் சூரத்திலும் பிழைக்க வந்த நம் ஜனங்களின் குடும்பங்களில் பிள்ளைகள் எந்த வயதில், எதைத் தொடுகிறார்கள், ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் அதில் என்ன வேறுபாடு என்பதை நாம் கேட்டதில்லை. மருத்துவ உலகம் கேட்டிருக்கிறது. அதன் பதில்களில் சிலவற்றையாவது சபை அறிந்திருப்பது அவசியம்.

அளவு வேறு, கடுமை வேறு

முதலாவது, கடுமை என்பது என்ன? பெற்றோர் நம்மிடம் வந்து கேட்கிற கேள்வி எப்போதும் "எவ்வளவு குடிக்கிறான் ஐயா?" என்பதாகவே இருக்கிறது. மருத்துவர்கள் கேட்பது அதுவல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்க்கணிப்பு நூலின் ஐந்தாம் பதிப்பு, போதைப்பொருள் பழக்கத்துக்குப் பதினொரு அடையாளங்களைக் கொடுக்கிறது. நினைத்ததைவிட அதிகமாக உட்கொள்ளுதல், விட முயன்றும் விட முடியாமை, அடங்காத ஏக்கம், படிப்பும் வீட்டுக் கடமையும் கெட்டுப்போதல், தீங்கு என்று அறிந்தும் தொடர்தல் முதலானவை அவை. ஓராண்டுக்குள் இவற்றில் இரண்டோ மூன்றோ இருந்தால் இலேசான நிலை. நான்கு, ஐந்து இருந்தால் நடுத்தரம். ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமை. இத்தனை புட்டி, இத்தனை கிராம் என்ற கணக்கு அங்கே இல்லை. அந்தப் பொருள் மனிதனுடைய வாழ்வில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே கணக்கு.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்களைத் திறந்து பாருங்கள். சாலொமோன் அங்கே குடித்த அளவைச் சொல்லவில்லை. காரணமில்லாமல் காயம்பட்டு நிற்பது, கண் சிவப்பது, மனம் தாறுமாறாகப் பேசுவது, அடிபட்டதும் தெரியாமல் கிடப்பது, இவ்வளவுக்கும் பிறகு விழித்தவுடன் மறுபடியும் அதையே தேடிப் போவது என்று அடையாளங்களையே சொல்லுகிறார். இன்றைய மருத்துவர் கையிலுள்ள கேள்வித்தாளுக்கும் அந்தப் பகுதிக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்திருக்கிறேன்.

ஆனால் இந்த அடையாளங்கள் பெரியவர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. இங்கேதான் வயது குறுக்கே வருகிறது. பலகாலம் குடித்தவனுக்குக் காலையில் கை நடுங்கும். விட்டால் உடல் பதறும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது அரிது, ஏனெனில் பழக்கம் தொடங்கியே சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாமற்போவது பெரியவரிடத்தில் தெளிவான எச்சரிக்கை. புதிதாகத் தொடங்கிய பிள்ளையிடத்தில் அது ஓரளவுக்கு இயல்பாகவே நிகழ்வதால், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே பெரியவருக்கான தராசில் பிள்ளையை நிறுத்தினால் எடை சில சமயம் குறைத்தும், சில சமயம் கூட்டியும் காட்டும்.

இதை உணர்ந்தே அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் 1999-இல் வளரிளம் பருவத்தாருக்கென்று ஆறு கேள்விகளை உருவாக்கினார்கள். ஆறு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைக் கோத்து 'கிராஃப்ட்' என்று அதற்குப் பெயர். 12 முதல் 21 வயது வரையுள்ளவர்களுக்கு அது இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. கேள்விகளின் கருத்தை என் சொந்த வார்த்தைகளில் தருகிறேன். போதையிலிருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, அல்லது அந்நிலையில் நீயே ஓட்டியதுண்டா? மனம் இளைப்பாறவோ, நண்பர் கூட்டத்தில் ஒருவனாகச் சேர்ந்துகொள்ளவோ அதை எடுத்ததுண்டா? தனிமையில் எடுத்ததுண்டா? அதை எடுத்த வேளையில் செய்தது எது என்று மறந்துபோனதுண்டா? குறைத்துக்கொள் என்று வீட்டாரோ நண்பரோ சொன்னதுண்டா? அதனால் தொல்லையில் மாட்டியதுண்டா? இரண்டு கேள்விக்கு "ஆம்" வந்தாலே தகுந்தவரிடம் முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆறே கேள்விகள்தான். ஆனால் 'தனிமையில்' என்ற அந்த ஒரு கேள்வியை நமது வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள்

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். நல்ல விசுவாசக் குடும்பம். தகப்பனார் தொழிற்சாலையில் இரவு வேலை, தாயார் நான்கு வீடுகளில் சமையல். பதினேழு வயது மகன் தேர்வு முடிந்த நாளில் நண்பர்களுடன் பீர் குடித்துவிட்டு வந்தான். அது அவனுக்கு மூன்றாவது முறை. தாயார் அழுதுகொண்டே வந்து, "ஐயா, என் பிள்ளையைப் பிசாசு கட்டிப்போட்டுவிட்டது, எப்படியாவது விடுதலைக்கு ஜெபியுங்கள்" என்றார்கள். சபை மூன்று நாள் உபவாசித்தது. பையனும் மனந்திரும்பி முழங்காலில் நின்றான்.

அந்த நாட்களில் அவனுடைய தங்கைக்குப் பதின்மூன்று வயது. உபவாச ஜெபத்தில் அண்ணனுக்காகப் பாடிக்கொண்டு நின்ற பெண். சில மாதங்கள் கழித்து ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர், அந்தப் பிள்ளையின் கைக்குட்டையில் தின்னர் வாடை வருவதையும், உதட்டைச் சுற்றிப் புண் இருப்பதையும் கவனித்தார். பதினோராவது வயதில் எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவத்தில் தொடங்கியிருக்கிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன பின்பு, கதவைச் சாத்திக்கொண்டு, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும். பள்ளியில் பாடம் மனதில் நிற்கவில்லை. அதைச் சோம்பல் என்று எண்ணி வீட்டில் அடித்திருக்கிறார்கள்.

மேற்சொன்ன ஆறு கேள்விகளை இந்த இருவர் மேலும் வைத்துப் பாருங்கள். அண்ணனுக்கு நண்பர் கூட்டம் என்பதற்கும், வீட்டார் கண்டித்தார்கள் என்பதற்கும் "ஆம்". அவனும் பரிசோதனைக்குப் போகவேண்டியவனே. தங்கைக்கோ இளைப்பாறுதல், தனிமை, மறதி, தொல்லை ஆகிய நான்குக்கும் "ஆம்". அவளைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல ஒருவருக்கும் தெரியாதபடியால் அந்தக் கேள்விக்கு மாத்திரம் "இல்லை". வயதில் இளையவள், பெண், சத்தமில்லாதவள். கடுமை அவளிடத்திலேயே அதிகமாயிருந்தது.

எண்கள் காட்டுகிறவை

ஒரு வீட்டுக் கதையை வைத்து ஒரு தேசத்தைப் பேசக்கூடாது. ஆகவே பெரிய கணக்குகளுக்கு வருவோம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசிய போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 186 மாவட்டங்களில் 2,00,111 வீடுகளில் 4,73,569 பேரைக் கேட்டார்கள். 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 சதவீதத்தினர், ஏறக்குறைய 16 கோடிப் பேர், மது அருந்துகிறவர்கள். ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். குடிக்கிற ஒரு பெண்ணுக்குப் பதினேழு ஆண்கள். இதைக் கண்டவுடன், "பார்த்தீர்களா, இது ஆண்பிள்ளைகளின் பிரச்சினை" என்று நம்மில் பலர் புத்தகத்தை மூடிவிடுவோம்.

மூடாமல் வயதின்படி பிரித்துப் பார்க்கவேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரில் மது அருந்துகிறவர்கள் 17.1 சதவீதம், 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 1.3 சதவீதம். கஞ்சா வகைகளும் அப்படியே: பெரியவர்களில் 3.3, பிள்ளைகளில் 0.9. அபினைச் சார்ந்த பொருள்களிலோ, ஹெராயினும் சில வலிமாத்திரைகளும் இதில் அடங்கும், இடைவெளி சுருங்கிவிடுகிறது: பெரியவர்களில் 2.1, பிள்ளைகளில் 1.8. முகர்ந்து போதையேறும் பொருள்களிலோ கணக்கு தலைகீழாகிறது. பெரியவர்களில் 0.58 சதவீதம், பிள்ளைகளில் 1.17 சதவீதம். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விகிதத்தில் மிகுந்திருப்பதாக அந்த ஆய்வு காட்டும் ஒரே வகை இதுவே. உதவி தேவைப்படுகிற நிலையில் 4.6 லட்சம் பிள்ளைகள் இதில் சிக்கியிருப்பதாக மதிப்பிட்டார்கள்.

இதற்குக் காரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம். மதுக்கடையில் வயது கேட்பார்கள் என்ற பயமாவது உண்டு. சைக்கிள் டியூப் ஒட்டும் பசைக்கும் பெயிண்ட் தின்னருக்கும் யார் வயது கேட்பது? விலையும் சொற்பம். ஆனால் தீங்கு சொற்பமல்ல. இவற்றை முகர்ந்த பிள்ளை முதல் முறையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்துபோகக்கூடும் என்பது மருத்துவம் உறுதிப்படுத்திய உண்மை.

புகையிலையை அந்த ஆய்வு தொடவில்லை. அதற்கு வேறு கணக்கு உண்டு. நம் விஷயத்துக்கு அதுவே மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். 2016-17-இல் நடந்த பெரியவர்களுக்கான உலகளாவிய புகையிலை ஆய்வில், இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 42.4 சதவீதமும் பெண்களில் 14.2 சதவீதமும் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். மூன்றுக்கு ஒன்று. 2019-இல் பள்ளிகளில் நடந்த இளையோருக்கான ஆய்வில், 13 முதல் 15 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளில் 9.6 சதவீதம், பெண்பிள்ளைகளில் 7.4 சதவீதம். மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் என்பது போய், நான்கு பையன்களுக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்றாகிவிட்டது.

ஏன் இந்த வேறுபாடு? இரண்டு விளக்கங்கள் கொடுக்கலாம். இந்தத் தலைமுறைப் பெண்பிள்ளைகள் தங்கள் தாய்மாரைவிட அதிகமாக இதில் விழுந்திருக்கலாம் என்பது ஒன்று. மற்றது, கேட்ட விதம். பெரியவர்கள் ஆய்வில் ஒருவர் வீடு தேடி வந்து முகத்துக்கு நேரே கேட்கிறார். நம் ஊர்ப் பெண்மணி அந்நியரிடம் அதை ஒப்புக்கொள்வாரா? பள்ளி ஆய்விலோ பெயர் எழுதாத தாளில் பிள்ளை தானே குறிக்கிறாள். எந்த விளக்கம் எவ்வளவு உண்மையானாலும், நமது சபைக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் தருகின்றன: பெண்பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவாகத் தெரிவதற்கு நாம் அவர்களைச் சரியாகக் கேளாததும் காரணம்.

அதே பள்ளி ஆய்வில், சிகரெட் பிடிக்கும் மாணவரில் 38 சதவீதத்தினரும், பீடி பிடிப்பவரில் 47 சதவீதத்தினரும், மெல்லும் புகையிலை போடுகிறவரில் 52 சதவீதத்தினரும் பத்து வயது நிரம்பும் முன்பே தொடங்கியிருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது. இங்கே மிஷ்ரி என்ற ஒன்று உண்டு. புகையிலையைக் கருக வறுத்துப் பொடித்து, பல் தேய்க்கும் பொடியாகப் பெண்கள் பயன்படுத்துவார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பாசத்தோடு விரல் நுனியில் எடுத்துக் கொடுக்க, நம்முடைய சிறுமியும் தேய்க்கிறாள். அது போதைப்பொருள் என்று கொடுத்தவருக்கும் தோன்றுவதில்லை, வாங்கியவளுக்கும் தோன்றுவதில்லை. குட்காவை மகாராஷ்டிர அரசு 2012-இல் தடைசெய்தது. மிஷ்ரியோ வீட்டு அடுப்பிலேயே தயாராகிவிடுகிறது.

முதல் நாளின் வயது

வயது என்று சொல்லும்போது, பிள்ளைக்கு இன்று என்ன வயது என்பதைவிட, தொடங்கியபோது என்ன வயது என்பதே அதிகம் பேசுகிறது. அமெரிக்காவில் பல்லாயிரம் பேரை ஆராய்ந்து 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதில் பெயர்பெற்றது. பதினைந்து வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் வாழ்நாளில் மதுவுக்கு அடிமையானார்கள். இருபது வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தினர். சீக்கிரம் தொடங்கியதே முழுக்காரணம் என்று இதனால் முடிவு கட்டக்கூடாது; குடிகாரத் தகப்பன், வீட்டில் அடிதடி, மனவேதனை ஆகியவையும் பிள்ளையைச் சீக்கிரம் தொடங்கவைக்கும், அவையே பின்பு அடிமைத்தனத்துக்கும் வழி நடத்தும். ஆனாலும் மூளையின் முன்பகுதி, நிதானித்து 'வேண்டாம்' என்று சொல்ல உதவுகிற பகுதி, இருபத்தைந்து வயதை ஒட்டியே முதிர்ச்சியடைகிறது. கட்டிமுடியாத வீட்டுக்குள் வெள்ளம் புகுவதுபோல் போதை அதற்குள் நுழைகிறது.

நமது நாட்டிலும் ஒரு படிவரிசை பதிவாகியிருக்கிறது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக, ஏற்கெனவே பழக்கத்திலிருந்த 4,024 பிள்ளைகளிடம் கேட்டு 2013-இல் ஓர் அறிக்கை வந்தது. அவர்கள் தொடங்கிய சராசரி வயது: புகையிலை 12.3; முகரும் பொருள்கள் 12.4, கஞ்சா 13.4; மது 13.6, அபின், ஹெராயின் வகைகள் 14.3 முதல் 14.9, ஊசி 15.1. புகையிலைக்கும் ஊசிக்கும் இடையே மூன்று ஆண்டுகள்கூட இல்லை! நமது வாலிபர் கூடுகையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது எந்த வயதில்? பெரும்பாலும் பதினைந்தில். அந்தப் பிள்ளைகளில் சிலர் ஏறவேண்டிய படிகளையெல்லாம் ஏறி முடித்த பிறகு, "போதையின் ஆபத்து" என்று நாம் செய்தி கொடுக்கிறோம்.

பெண்பிள்ளைகளின் விஷயத்தில் இன்னொன்று உண்டு. பெண்ணின் உடலில் நீரின் பங்கு ஆணின் உடலைவிடக் குறைவு. ஒரே எடையுள்ள இருவர் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் மது அதிகச் செறிவாக நிற்கும். தொடக்கத்திலிருந்து அடிமைத்தனம் வரையுள்ள காலம் பெண்களில் சுருங்கிவிடுகிறது என்பதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவு என்றால் கடுமையிலும் குறைவு என்று பொருளல்ல.

சிகிச்சை நிலையத்துக் கணக்கை வாசிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. அங்கே பெண்பிள்ளைகள் மிகச் சிலரே வருவார்கள். வருகிறவர்களும் மிகவும் முற்றிய நிலையில், மனச்சோர்வோடும், பல சமயம் துன்புறுத்தப்பட்ட காயங்களோடும் வருவார்கள். அதைக்கொண்டு "பெண்பிள்ளைகளுக்கு எப்போதும் கடுமையாகவே வரும்" என்று சொன்னால் தவறு. இலேசான நிலையில் இருந்தவர்களை வீட்டார் வெட்கத்தினால் மறைத்துவிட்டார்கள் என்பதே அதற்குள்ளிருக்கும் கதை. கலியாணம் நடக்காது, ஊரில் பேசுவார்கள், சபையில் முகம் காட்ட முடியாது. பையன் விழுந்தால் சாட்சி சொல்ல மேடை கொடுக்கிறோம். மகள் விழுந்தால் திருநெல்வேலிக்கு ரயில் ஏற்றிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இந்த அநியாயத்தை நமது பத்திரிகையிலாவது வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

ஜெபமும் மருந்தும்

பரிசுத்த ஆவியானவர் கட்டுகளை அறுக்கிறார் என்பதை முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகிறேன், இனியும் பிரசங்கிப்பேன். ஆயினும் ஒன்றைப் பெற்றோரிடமும் உடன் ஊழியரிடமும் தாழ்மையாய் வேண்டிக்கொள்கிறேன். நெடுநாள் குடித்தவரையோ, தூக்கமாத்திரை, அபின் வகைகளில் ஊறினவரையோ, அறைக்குள் வைத்து உபவாச ஜெபத்தினால் ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதிருங்கள். திடீரென்று நிறுத்துவதால் வலிப்பு வரலாம், உயிருக்கும் மோசமாகலாம். மருத்துவர் மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தட்டும். நாம் பக்கத்தில் நின்று ஜெபிப்போம். கொலோசெயர் நிருபத்தில் வைத்தியனாகிய லூக்காவைப் பவுல் பிரியமானவன் என்றே குறிப்பிடுகிறார்.

போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலும் பேசலாம். பெங்களூர்க்காரருக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சைப் பிரிவும், டெல்லிப் பகுதியாருக்குக் காசியாபாத்திலுள்ள எய்ம்ஸ் மையமும் உண்டு. பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்கு 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்பதையும், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு அதை விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பள்ளி வாசலில் நிற்கும் பான் டப்ரியைப் பார்த்துவிட்டு நடந்துபோகிற விசுவாசிகள் காவல் நிலையத்தில் ஒரு மனுக் கொடுத்தால், அதுவும் ஊழியமே.

சபைகள் தங்கள் பிள்ளைகளின் நிலையை அறிய விரும்பினால், வருகிற விடுமுறை வேதப்பள்ளியில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுகிறேன். முன்னதாகப் பெற்றோரின் சம்மதம் வாங்குங்கள். பத்து வயதிலிருந்தே தொடங்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு ஒரு சகோதரியும் பையன்களுக்கு ஒரு சகோதரனும் தாள் கொடுக்கட்டும். போதகரும் மூப்பரும் அந்த அறையில் இருக்கவேண்டாம். தாளில் பெயர் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, முதன்முதல் தொட்ட வயது, அந்த ஆறு கேள்விகள், இவ்வளவு போதும். பதில் எதுவானாலும், பேச விரும்பும் பிள்ளை யாரிடத்தில் வரலாம் என்பதைத் தாளின் அடியில் அச்சிட்டுக் கொடுங்கள்; அப்படி வருகிற பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே ஒரு மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை உண்டு. பன்னிரண்டு பிள்ளைகள் மட்டுமே வருகிற சிறிய சபையில், "பதினான்கு வயது, பெண்" என்று எழுதினாலே அது யாருடைய மகள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆகையால் அக்கம்பக்கத்திலுள்ள நான்கைந்து சபைகள் ஸ்தாபன வேறுபாடு பாராமல் ஒன்றாய்க் கூடி, தாள்களையெல்லாம் ஒரே பெட்டியில் போடவைத்து, சபைக்கு வெளியிலுள்ள ஒரு மருத்துவரோ ஆலோசகரோ அதைப் பிரித்து எண்ணும்படி ஏற்பாடு செய்வது நலம். எண்ணி முடித்தபின் தாள்களை எரித்துவிடுங்கள்.